பாதியில் நின்ற கதையை மறுபடி ஓட வைப்பது எப்படி? புதிதாக எழுதுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாலு பக்கம் மளமளவென்று வந்துவிட்டது. ஐந்தாவது பக்கத்தின் முதல் வரியில் கதை நின்றது. அன்றைக்குக் களைப்பு என்று நினைத்தோம். மறுநாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். பத்து நாள் கழித்து நோட்டைத் திறக்கவே மனம் கூசியது. இப்போது அந்த நோட்டு பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது.

இப்படி ஒரு நோட்டு உங்களிடமும் இருந்தால், இன்றைக்கே வெளியே எடுத்து மேஜைமேல் வையுங்கள். பத்து நாள் சேர்ந்து போவோம். நான் கதை எழுத ஆரம்பித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நின்றுபோன கதைகள் நிறையப் பார்த்திருக்கிறேன், என்னுடையவையும் நண்பர்களுடையவையும். அவற்றில் பெரும்பாலானவை மறுபடி ஓடின. உங்களுடையதும் ஓடும் என்ற நம்பிக்கையோடுதான் இதை எழுதுகிறேன்.

இது என்ன தடை?

இதை 'ரைட்டர்ஸ் பிளாக்' என்கிறார்கள். 1940களில் எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர் எழுதியதிலிருந்து பரவிய பெயர் இது. கோளாறு எழுதுபவரின் மனத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி. சிலருக்கு அப்படியும் இருக்கலாம். ஆனால் புதிதாக எழுத வருகிறவர்களிடம் நான் பார்த்தது வேறு. எழுதுகிறவர் நன்றாகத்தான் இருக்கிறார். கோளாறு கதையில் இருக்கிறது. அதிலும், கதை நின்ற இடத்தில் அது இருப்பதில்லை, இரண்டு பக்கம் முன்னால் இருக்கிறது.

கிணற்று மோட்டார் வைத்திருக்கும் வீடுகளில் இது பழகிய விஷயம். மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். காரணம் பெரும்பாலும் கீழே, தண்ணீருக்குள் இருக்கும் ஃபுட் வால்வ். மேலே நின்றுகொண்டு மோட்டாரை எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் பயனில்லை, காயில்தான் புகையும். உள்ளே இறங்கி வால்வைச் சரிசெய்து, குழாயில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு, அப்புறம் சுவிட்சைப் போட வேண்டும்.

நாம் செய்யப் போவதும் இதே வரிசைதான். முதலில் இறங்கிப் பார்ப்பது, பிறகு பழுது பார்ப்பது, பிறகு தண்ணீர் ஊற்றுவது. சுவிட்ச் கடைசியில். நின்றுபோன கதையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பலரும் முதல் நாளே சுவிட்சைப் போடுகிறார்கள்.

என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்?

புதிதாக ஒரு கோடு போட்ட நோட்டு, பால் பாயிண்ட் பேனா, ஒரு பென்சில். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பழைய நோட்டிலேயே எழுத வேண்டாம், அதில் அடித்தல் திருத்தலோடு ஏமாற்றமும் படிந்திருக்கிறது. போனிலோ கணினியிலோ எழுதியிருந்தால் இதுவரை எழுதியதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று ரூபாய் ஆகும். காகிதத்தில் கண்ணில் படுகிற பிழைகள் திரையில் படுவதில்லை. போனில் இருக்கும் டைமரும் குரல் பதிவும் போதும், தனியாகச் செயலி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நிஜமான செலவு நேரம்தான். தினம் அரை மணி, பத்து நாள். மொத்தம் ஐந்து மணி நேரம். அந்த அரை மணி எங்கிருந்து வரும் என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவுசெய்துவிடுவோம்.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலோப் அஞ்சல் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 47 நாவல்கள். காலை ஐந்தரைக்கெல்லாம் மேஜையில் இருக்க வேண்டும் என்பதற்காக, தன்னை எழுப்பிவிடும் வேலையாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு அந்த மனிதரைவிட அதிகமாக யாருக்கும் கடன்படவில்லை என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நம் வீட்டில் அந்த அரை மணி நேரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ, அடுப்பைப் பார்த்துக்கொள்ளவோ ஓர் ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இடம் இல்லையே என்று தயங்க வேண்டாம். அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு எழுத்தையே தொழிலாக எடுத்துக்கொண்டவர். பூங்காவில் உட்கார்ந்தே நிறைய எழுதினார். ஒரு பெஞ்சும் மடியில் வைத்துக்கொள்ள ஓர் அட்டையும் போதும்.

முதல் நாள்: வாசிப்பது மட்டும்

இன்றைக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். இதுவரை எழுதியதை ஆரம்பத்திலிருந்து வாய்விட்டுப் படிப்போம். கையில் பென்சில் இருக்கட்டும். ஆனால் திருத்தக் கூடாது. ஒற்றுப்பிழை கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள்.

படிக்கும்போது மனசு எங்கே நிமிர்ந்து உட்காருகிறதோ அங்கே ஓரத்தில் ஒரு டிக். எங்கே கண் தானாகத் தாண்டிப் போகிறதோ அங்கே ஒரு சுழி. அவ்வளவுதான். முடித்துவிட்டு நோட்டை மூடிவிடலாம்.

இரண்டாம் நாள்: ஒருவரிடம் சொல்லிப் பார்ப்போம்

நோட்டைப் பார்க்காமல் கதையை ஒருவரிடம் சொல்லுங்கள். இலக்கியம் படிப்பவராக இருக்க வேண்டியதில்லை, இல்லாவிட்டால் இன்னும் நல்லது. "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். யாரும் கிடைக்காவிட்டால் போனில் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கடைசிவரை இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

ராஜாமணி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒருநாள் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கையில் பழுப்பேறிய பஸ் டிக்கெட். பின்பக்கம் அவர் கையெழுத்தில் '3' என்று இருக்கிறது. சில்லறை இல்லாதபோது கண்டக்டர்கள் பாக்கியை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுப்பார்களே, அது. பள்ளி மாணவியாக இருந்தபோது அந்த மூன்று ரூபாயை வாங்காமலே இறங்கிவிட்டாள். அடுத்த பஸ்ஸுக்குக் காசில்லாமல் இருட்டில் வீடுவரை நடந்தாள்.

ராஜாமணி கதவைத் திறந்தார். "வாங்கம்மா, உட்காருங்க" என்றார். அதோடு கதை நின்றுவிட்டது. பதினோரு நாள் அந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். காபி கொடுத்தேன், மழை பெய்ய வைத்தேன், கரண்ட்டை நிறுத்தினேன். கதை ஒரு அடி நகரவில்லை.

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். ராஜாமணி எவ்வளவு நேர்மையானவர், டிப்போவில் அவருக்கு என்ன மரியாதை என்று சொல்லிக்கொண்டே போனேன். அக்கா காம்பைக் கிள்ளியபடியே கேட்டாள்: "அவ்வளவு நேர்மைன்னா, அந்தப் பொண்ணு இறங்குறப்ப ஏண்டி மூணு ரூபாய அவரே கூப்பிட்டுக் குடுக்கல?"

என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும்: பழுதைத் தேடுவோம்

இந்த இரண்டு நாளும் அவசரமே வேண்டாம். கதை நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி வருவோம்.

புது நோட்டின் முதல் பக்கத்தில், உங்கள் முக்கியமான பாத்திரத்தின் பெயரை எழுதி, அதன் கீழே 'இவருக்கு இப்போது என்ன வேண்டும்?' என்று எழுதுங்கள். 'நிம்மதி', 'அன்பு' என்றெல்லாம் பதில் வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கையில் பிடிக்கிற மாதிரிப் பதில் வேண்டும். மகன் வருவதற்குள் வீட்டுப் பத்திரத்தை ஒளித்து வைக்க வேண்டும் என்பது பதில். ஆசை இல்லாத ஆளை ஒரு காட்சிக்குள் விட்டால் அவர் சும்மா நிற்பார், கதையும் நிற்கும்.

அடுத்து, இவரை நாம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். புதியவர்களின் கதைகள் அதிகமாக நிற்பது இதனால்தான் என்பது என் அனுபவம். அப்பாவை மனதில் வைத்து எழுதியிருப்போம், அவர் ஒரு தப்பும் செய்யாமல் பார்த்துக்கொள்வோம். நம்மையே மனதில் வைத்து எழுதியிருந்தால் இன்னும் மோசம். ராஜாமணியில் நான் செய்ததும் அதுதான். எங்கள் ஊர் பஸ்ஸில் வந்த, சிறுவயதில் எனக்குப் பிடித்திருந்த ஒரு கண்டக்டரின் சாயல் அவருக்கு. அவர் மேல் ஒரு தூசு படக்கூட நான் விடவில்லை.

அக்காவின் கேள்விக்குப் பிறகு பின்னோக்கிப் போனேன். கதை நின்றது நாலாவது பக்கத்தில். பழுது இரண்டாவது பக்கத்தில் இருந்தது: 'சில்லறை கொடுக்க மறந்துபோனார்' என்று ஒரு வரி. அந்த 'மறந்துபோனார்' பொய். அதை எடுத்துவிட்டு, 'கொடுக்கவில்லை' என்று எழுதினேன். அப்புறம் எல்லாம் கிடைத்தது. அவர் மறக்கவில்லை. இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அப்படிச் சேர்ந்த காசை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். செலவு செய்யவும் மனம் வரவில்லை. டப்பா பீரோ மேல் இருக்கிறது.

இப்போது அதே வாசல் காட்சி இப்படி ஆனது: 'அவள் டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினாள். ராஜாமணி தன் கையெழுத்தைப் பார்க்கவில்லை. பீரோவின் மேல் பார்த்தார். பிறகு, அங்கே பார்த்ததை அவள் கவனித்தாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.' இனி காபியும் மழையும் தேவையில்லை. அவருக்கு ஒரு வேலை வந்துவிட்டது: அந்த டப்பா அவள் கண்ணில் படக் கூடாது.

மூன்றாவதாக ஒரு பழுது உண்டு. நமக்கு விவரம் தெரியாமல் இருக்கும், அதைத் தடை என்று நினைத்துக்கொண்டிருப்போம். கடைசி டிரிப் முடிந்து டிப்போவில் கலெக்‌ஷன் எப்படிக் கட்டுகிறார்கள், கணக்கில் காசு குறைந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்திலும் பேனா நின்றது. பஸ் நிலையத்துக்குப் போய், டூட்டி முடிந்து உட்கார்ந்திருந்த ஒரு கண்டக்டருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும் என்றார். அரை மணி நேரத்தில் மூன்று பக்கத்துக்கு விஷயம் கிடைத்தது. செலவு இரண்டு டீ. உங்கள் பாத்திரம் தையல்காரர் என்றால் தையல் கடைக்கும், நர்ஸ் என்றால் ஒரு நர்ஸிடமும் போங்கள். மனிதர்கள் தங்கள் வேலையைப் பற்றிக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

ஐந்தாம் நாள்: குழாயில் தண்ணீர் ஊற்றுவோம்

டைமரில் பத்து நிமிடம் வையுங்கள். மணி அடிக்கும்வரை பேனாவைத் தூக்கக் கூடாது, படித்துப் பார்க்கக் கூடாது, அடிக்கக் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் 'ஒன்றும் தோன்றவில்லை' என்றே எழுதிக்கொண்டிருங்கள், மூன்றாவது தடவை எழுதும்போது வேறு ஏதாவது வந்துவிடும். பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இல் வெளிவந்த தன் நூலில் இந்தப் பயிற்சியை விரிவாகச் சொன்னார். அதற்குப் பிறகு இது உலகெங்கும் எழுத்து வகுப்புகளில் பழக்கமாகிவிட்டது.

எதைப் பற்றி எழுதுவது? உங்கள் பாத்திரம் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'நீ என்னைப் பற்றி எழுதுவதில் எது தப்பு தெரியுமா?' என்று ஆரம்பிக்கட்டும். இந்தக் கடிதம் கதைக்குள் வரப்போவதில்லை, அதனால் நடை பற்றிக் கவலையில்லை.

கடிதம் எழுதிக் கையைச் சூடாக்கிக்கொள்வது பெரிய எழுத்தாளர்களும் செய்தது. ஜான் ஸ்டைன்பெக் 1951இல் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நாவலை எழுதும்போது, நோட்டின் இடது பக்கத்தில் தன் பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிச்சிக்குக் கடிதம் எழுதுவார். பென்சில், மேஜை, வீட்டு விஷயம், இன்றைக்கு எழுதப் போகும் காட்சி எல்லாம் அதில் வரும். பிறகு வலது பக்கத்தில் நாவல். அந்தக் கடிதங்களே 1969இல் தனி நூலாக வந்தன.

ஆறாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை: சுவிட்சைப் போடுவோம்

இனி கதை. அரை மணியைப் பிரித்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம் நேற்று எழுதியதைப் படிக்க. டிரோலோப்பும் தன் மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணியை இதற்குத்தான் ஒதுக்கினார். அடுத்த இருபது நிமிடம் எழுத. கடைசி ஐந்து நிமிடம் நாளைக்கு என்ன என்று இரண்டு வரிக் குறிப்பு.

டிரோலோப் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினார். நமக்கு அது வேண்டாம். ஒரு நாளைக்கு 150 சொல் என்று வைத்துக்கொள்வோம், நோட்டில் ஏறக்குறைய ஒரு பக்கம். ஐந்து நாளில் 750 சொல். நின்றுபோன ஒரு சிறுகதையின் மிச்சம் பெரும்பாலும் இதைவிட அதிகம் இருக்காது.

வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. கடைசிக் காட்சி கண்முன் தெரிந்தால் அதை முதலில் எழுதிவிடுங்கள். நடுவில் விவரம் தெரியாத இடம் வந்தால் 'இங்கே டிப்போ விவரம்' என்று ஒரு கட்டம் போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். விவரம் தேடப் போனில் கையை வைத்தால் அந்த இருபது நிமிடம் போய்விடும்.

எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவதும் முக்கியம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை முடித்துக்கொள்வது ஹெமிங்வேயின் வழக்கம். மனசு கேட்காது, இன்னும் ஒரு பக்கம் என்று இழுக்கும். கேட்காதீர்கள். பாதி வாக்கியத்தில்கூட நிறுத்தலாம். மறுநாள் அந்த வாக்கியத்தை முடிப்பதற்காகவே நோட்டைத் தேடுவீர்கள்.

நாவல் என்றால்?

வரிசை அதேதான், காலம்தான் வேறு. பத்து நாள் என்பதை ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். வாராவாரம் ஒருவருக்கு ஓர் அத்தியாயம் தர ஒப்புக்கொள்வது நல்ல வழி. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகைக்காகத்தான் எழுதினார். ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்று 'வெண்முரசு' வரிசையின் 26 நாவல்களை எழுதி முடித்தார். நாம் அந்த வேகத்தில் போக முடியாது. ஆனால் நாளை ஒருவர் காத்திருக்கிறார் என்பது எழுதுகிறவருக்கு எவ்வளவு பெரிய துணை என்று இவற்றிலிருந்து தெரிகிறது.

நீண்ட இடைவெளி விழுந்துவிட்டதே என்று கலங்கவும் வேண்டாம். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் நூலானது. அடுத்த நாவலான 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தது 1981இல்.

கவனம்!

முதல் பத்தியைத் திரும்பத் திரும்பத் திருத்துவது வேலை செய்வது போலவே தோன்றும். கதை முடியும்வரை முதல் பக்கத்துக்குப் போகாதீர்கள்.

பாதிக் கதையை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். பாராட்டு வந்தால் எழுதி முடித்த திருப்தி வந்துவிடும், வராவிட்டால் மனம் உடைந்துபோகும். இரண்டாம் நாள் சொன்ன மாதிரி ஒரே ஒருவரிடம் வாயால் சொல்லுங்கள், போதும்.

அடுத்த பத்தியை ஏதாவது செயலியிடம் கேட்டு வாங்கவும் வேண்டாம். பத்தி கிடைக்கும். இரண்டாம் பக்கத்துப் பொய் அப்படியே இருக்கும், ஆறாம் பக்கத்தில் கதை மறுபடி நிற்கும். அதைவிட முக்கியமாக, 'மறந்துபோனார்' என்ற சொல்லை நீங்களே கண்டுபிடிக்கும் அந்த நிமிடம் உங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும். எழுதுவதில் எனக்கு அதைவிடச் சந்தோஷமான நிமிடம் கிடையாது.

நின்ற கதையை முடித்துத் தருகிறோம், புத்தகமாகவும் போட்டுத் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். இந்தக் கட்டத்தில் யாருக்கும் பணம் தர வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுத்து மட்டுமல்ல, சாப்பாடு, தூக்கம், மனிதர்கள் எதிலும் பல வாரமாகப் பிடிப்பில்லை என்றால் அது கதையின் பழுது அல்ல. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். கதை காத்திருக்கும்.

எப்போது விட்டுவிடலாம்?

பத்து நாளும் முறையாகச் செய்தபின்பும் முதல் நாள் போட்ட டிக்குகள் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லையென்றால், அந்தக் கதையை எடுத்து வைக்கலாம். தூக்கிப் போடாதீர்கள். மேலே தேதி எழுதி ஒரு கவரில் வையுங்கள். டிக் போட்ட வரிகளை மட்டும் புது நோட்டின் பின்பக்கத்தில் எடுத்தெழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிகள் வேறொரு கதையில் இடம் பிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முடித்த பிறகு

கடைசி வரியின் கீழே தேதி போடுங்கள். இரண்டு வாரம் நோட்டைத் தொட வேண்டாம். பிறகு எடுத்து, கட்டம் போட்டு விட்ட விவரங்களை நிரப்பி, அப்போதுதான் திருத்தம். பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தால் அதன் பிறகு டைப் செய்தால் போதும்.

உங்கள் முதல் வாசகரிடம் மறுபடி போவதற்கும் அதுதான் நேரம். ராஜாமணி கதையை முடித்துவிட்டு அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். "சரி, அந்த டப்பா அவரு மருமக கண்ணுல பட்டா என்ன செய்வாரு?" என்றாள். அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.